ஏழு முறை களைந்த அரிசி

எங்கள் வீட்டில் அரிசி களைவது என் வேலை. பத்து வயதில் அம்மா அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். அவள் மூன்று தண்ணீர் விட்டுக் களைவாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்ய முடியாத சுபாவக்காரி என்பதால் என் கணக்கு ஏழு. கடைசித் தண்ணீரில் பானையின் அடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எட்டாவது. யுத்தம் வந்து ரேஷன் அரிசி வந்த பிறகு இந்தச் சுபாவத்துக்கு நல்ல மரியாதை கிடைத்தது. அந்த அரிசியில் சாக்கு வாடையும் புழுவும் கல்லும் இருந்தன. ஒரு வாரம் வெள்ளையாகப் போடுவார்கள், ஒரு வாரம் பழுப்பாகப் போடுவார்கள். பழுப்பாக வந்தால் அம்மா வேலைக்காரியை விட்டு உரலில் இன்னொரு தரம் குத்தித் தீட்ட வைப்பாள். பிறகு என்னுடைய ஏழு தண்ணீர். எங்கள் வீட்டுச் சாதம் அந்த நாளிலும் மல்லிகைப் பூவாக இருந்தது என்று மயிலாப்பூரில் எங்கள் தெருவே சொல்லும்.

கழுநீரும் வடித்த கஞ்சியும் கொல்லைப்புறத் தொட்டிக்குப் போகும். பால்காரர் காலையில் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கறப்பார். கறந்து முடித்ததும் அந்த மாடு யாரும் சொல்லாமலே சந்து வழியாக எங்கள் தொட்டிக்கு வந்துவிடும். "இந்த வூட்டு கழுநீர்தாம்மா கழுநீர். மத்த வூட்ல எல்லாம் வெறும் தண்ணிதான் கீது" என்பார் பால்காரர். அம்மாவுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. எனக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. தியாகராய நகரில் வாழ்க்கைப்பட்டாள். முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை, நல்ல பருமன். இரண்டரை மாதத்தில் ஒருநாள் பால் கக்கியது. மறுநாள் அழுதபோது குரல் கம்மியிருந்தது. அதற்கு மறுநாள் வாய் மட்டும் அழுதது, சத்தம் வரவில்லை. முகம் வீங்கியது, மூச்சு இரைத்தது. அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் நெஞ்சில் சளி என்றார். தியாகராய நகர் மாமியார் தாய்ப்பால் தோஷம் என்றார். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா, ஜாதகத்தை எடுத்துக்கொண்டு யாரையோ பார்க்கப் போனார். நான் அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அந்தச் சத்தமில்லாத அழுகை எனக்குப் பல மாதங்கள் கண்ணிலேயே நின்றது, ஆனால் அது எதனால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படித்த பெண் என்று பெயர்.

படிப்பு முடிந்ததும் அடையாறு பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. உயிருள்ள பொருள் சாப்பாட்டை எப்படி எரிக்கிறது என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. எரிப்பது என்றால் நெருப்பு இல்லை, புகை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு உயிரணுவும் சர்க்கரையைத் துண்டு துண்டாக உடைத்து, பிராணவாயுவை இழுத்து, அதிலிருந்து வேலை செய்யத் தெம்பு எடுத்துக்கொள்கிறது. அது நடக்கிறதா என்று பார்ப்பதற்கு மனோமீட்டர் என்று ஒரு கருவி. மணிக்கட்டு பருமன்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி, அதோடு சேர்ந்த வளைந்த மெல்லிய குழாய், குழாயில் நிறம் போட்ட திரவம். குப்பிக்குள் போட்ட பொருள் பிராணவாயுவைக் குடிக்கக் குடிக்கத் திரவம் நகரும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவுகோலில் பார்த்து எழுத வேண்டும். பார்த்ததைத்தான் எழுத வேண்டும், இருக்க வேண்டியதை எழுதக் கூடாது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்து நிமிஷம் என்றால் எனக்குப் பத்து நிமிஷம்தான், ஒன்பதரை இல்லை.

எங்கள் கூடத்தில் புறாக்களும் இருந்தன. தீட்டின அரிசியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதை மட்டுமே மூன்று வாரம் புறாவுக்குப் போடுவோம். வயிறு நிறையத் தின்றாலும் அது துவண்டு போகும், கடைசியில் கழுத்து பின்னால் வளைந்து கூரையைப் பார்த்தபடி விழுந்து கிடக்கும். தவிட்டோடு போகிற வைட்டமின் பி-ஒன்று இல்லாததால் வருவது இது. உயிரணு சர்க்கரையைப் பாதி வரைக்கும் உடைத்துவிடும். பாதி வழியில் பைருவிக் அமிலம் என்று ஒன்று நிற்கும். அதற்கு மேலே உடைக்க இந்த வைட்டமின் வேண்டும். இல்லாவிட்டால் அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கும், தெம்பு வராது. அடுப்பு நிறைய ஈரவிறகை அடைத்தது மாதிரி. விறகு இருக்கும், சாதம் வேகாது. மூளையும் இருதயமும்தான் முதலில் தவிக்கும், அவற்றுக்குத்தான் ஓய்வே கிடையாது. அப்படிப்பட்ட புறாவின் மூளைத் திசுவைக் குப்பியில் போட்டால் திரவம் நகர மனமில்லாமல் நிற்கும். வைட்டமின் கரைசலில் ஒரு துளி சேர்த்தால் அடுத்த அளவிலேயே நகரத் தொடங்கும். உயிரோடு கிடக்கிற புறாவுக்கு ஊசி போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்று நம்மை முறைக்கும். இதை நான் எத்தனையோ முறை பார்த்து, எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன்.

புறாக்களைப் பார்த்துக்கொண்டவர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பாய். தன் வீட்டு மொட்டை மாடியிலும் புறா வளர்ப்பவர். ஆகையால் எங்கள் ஆராய்ச்சி அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அரிசியைக் கழுவிக்கொண்டே முணுமுணுப்பார். "துன்னக் குடுத்தே சாவடிக்கிறீங்களேம்மா. பட்டினி போட்டாகூட ஞாயம்" என்பார். அவருக்கு மட்டும் ஒன்று தெரியும். கழுத்து வளைவதற்கு நாலைந்து நாள் முன்னால் புறா குமுறுவதை நிறுத்திவிடும் என்பார். "மொதல்ல சத்தம் பூடும்மா. சத்தம் போச்சுனா அது பூட்ச்சுனு அர்த்தம்." எங்கள் நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது, அதனால் நான் அதை எழுதவில்லை.

முதல் குழந்தை போய் இரண்டு வருஷம் கழித்து அக்கா மறுபடி பிரசவத்துக்கு வந்தாள். இந்தத் தடவை பெண். தியாகராய நகரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: தாய்ப்பால் கொடுக்க வேண்டாம், பசும்பால் கொடுங்கள், ஒரு தரம் பட்டது போதும். அம்மாவுக்கு வந்ததே கோபம். "என் பொண்ணோட பால் என்ன விஷமா? அவா சொல்லி நான் பசும்பால் குடுத்தா, ஆமாம் தோஷம்தான்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆகாதோ?" என்றாள். அக்காவின் பாலை நல்ல பாலாக்கிக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி பத்தியம். பருப்பு வாயு, ஆகாது. காய்கறி குளிர்ச்சி, ஆகாது. சாதம், மிளகு ரசம், நெய், சுட்ட அப்பளம். சாதாரணமாக நாற்பது நாளில் தளர்த்திவிடுவார்கள். அம்மா மூன்று மாதம் என்றாள். சாதம் மட்டும் வேண்டியமட்டும் போட்டாள். அரிசியில் ஒரு தூசு இருக்கக் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் எட்டாக்கினேன்.

அக்கா நாளுக்கு நாள் அசந்து வந்தாள். கால் கனக்கிறது, பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்பாள். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. அது நீர் கோத்த உடம்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் முடிந்தபோது அம்மா காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். முதல் குழந்தை போன நாளை இது தாண்ட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது உள்ளே குழந்தை அழுதது. குரல் கம்மியிருந்தது. பானையில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கேட்டியோடி?" என்றாள்.

"ஜலதோஷமா இருக்கும்மா."

"அப்போவும் இதைத்தானே சொன்னோம்" என்றாள்.

அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. டாக்டரை அழைத்து வர அப்பா போனார், ஆனால் டாக்டர் அன்று வெளியே போயிருந்தார், மாலையில்தான் வருவார் என்றார்கள். நான் அங்கே நின்று செய்யக் கூடியது ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். உண்மையில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல்தான் போனேன்.

போகும்போது கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. புறாக்களுக்கான அரிசி முதல் நாளே தீர்ந்துவிட்டது, புதிது வரவில்லை. ஆராய்ச்சித் தலைவர் பெங்களூர் போயிருந்தார். தீனி மாறினால் மூன்று வார வேலை வீண். அதனால் களைந்து வைத்த அரிசியிலிருந்தே ஒரு ஆழாக்கு அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். அந்த நிலைமையிலும் புறாவின் சாப்பாட்டை நினைத்தேன் என்பது இப்போது யோசித்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

பாய் தூக்கைத் திறந்து, அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னொரு தரம் விட்டார். அப்புறம் ஈர அரிசியை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல நான் கழுவறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லியேம்மா. யாரு கழுவுனது?"

"நான்தான். எங்க ஆத்துல சமைக்கறதுக்குக் களைஞ்சது."

"இன்னாம்மா, வூட்லயும் பொறா வளக்கறீங்களா?" என்று சிரித்தார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். வழக்கமாக அவர் கேலிக்கு நான் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று கூண்டைத் திரும்பிப் பார்த்தேன். கூண்டில் ஒரு புறா கழுத்தை வளைத்துக்கொண்டு கிடந்தது. சத்தம் போச்சுனா பூட்ச்சு. அக்காவின் கால், பாதத்தில் எறும்பு, சாதமும் மிளகு ரசமும், குழந்தையின் குரல். என்னுடைய நோட்டில் என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்த விஷயம் என் வீட்டுச் சமையலறையில் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

"பாய், பீரோ சாவி வேணும்" என்றேன்.

பீரோவில் புறாக்களுக்காக வாங்கிய வைட்டமின் ஊசி மருந்து கண்ணாடிக் குப்பிகளில் இருந்தது. யுத்தம் முடிந்தும் கடைகளில் சுலபமாகக் கிடைக்காத சரக்கு. தலைவர் இல்லாமல் அதைத் தொட எங்கள் இருவருக்கும் உரிமை இல்லை. எதற்கென்று நான் சொன்னேன். குழந்தையின் குரலைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரிப்பு போய்விட்டது. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"கேட்டா நான் ஒடைச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ போய்க்கினே இரும்மா" என்றார். அதுவரை என்னை அவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

எங்கள் டாக்டர் மாலையில்தான் வருவார் என்பதால் மாட வீதிப் பக்கம் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ரொம்பக் கண்டிப்பானவர். நான் மூச்சு விடாமல் சொன்னதை எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"நீ சொல்றது பெரிபெரி. அது தெலுங்கு தேசத்து வியாதி. இங்கே புழுங்கலரிசி சாப்பிடற ஊர்ல வராது" என்றார்.

"எங்க ஆத்துல பச்சரிசிதான். தீட்டினது. எட்டு தடவை களைஞ்சது. கஞ்சி வடிச்சது. ரெண்டரை மாசமா அவ வேற எதுவும் சாப்பிடலை."

பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குழந்தையிடம் போகவில்லை. அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் காலைத் தொங்கப்போடச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். யாருக்கானாலும் கால் துள்ளும். அக்காவின் கால் கல்லாகத் தொங்கியது. மறு காலும் அப்படியே. ஆடுசதையை அழுத்தினார், அக்கா துடித்துப் போனாள். டாக்டர் என்னிடம் கையை நீட்டினார். நான் குப்பிகளைக் கொடுத்தேன். முதலில் குழந்தைக்கு, பிறகு அக்காவுக்கு.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நான் குழந்தையின் மார்பைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பழக்க தோஷம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணினேன். எழுதவில்லை, எண்ணினேன். நான்காவது தடவை ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஆசையில் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். குறைந்துதான் இருந்தது. விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு உதட்டில் இருந்த நீலம் போய்விட்டது. குழந்தை பால் குடிக்கத் தேடியது. டாக்டர் பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் கொடுக்கச் சொல்லியிருந்தார். அம்மாவே எழுந்து போய்க் காய்ச்சினாள். தியாகராய நகரில் சொன்ன அதே பால். எங்கள் கழுநீரையும் கஞ்சியையும் குடித்த மாட்டின் பால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குரல் வர மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் குழந்தை வீடு கிடுகிடுக்க அழுதது. சமாதானம் செய்ய யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அக்கா அழுதாள்.

அன்று மத்தியானம் அம்மா அடுப்படியில் தனியாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். விவரமாகச் சொல்லச் சொன்னாள். தவிட்டில் இருக்கிற சத்தைப் பற்றி, அது தண்ணீரில் கரைந்து போவதைப் பற்றி, அது இல்லாவிட்டால் சாப்பிட்ட சாதம் உடம்புக்குள் பாதி எரிந்து பாதியில் நின்றுவிடுவதைப் பற்றி, தாய்க்கு இல்லாத சத்து தாய்ப்பாலிலும் இல்லாமல் போவதைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே அடுப்பில் கரியைத் தள்ளினாள்.

"களையறதுல போயிடுமா?"

"போயிடும்."

"கஞ்சியிலயும்?"

"ஆமாம்."

அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தாள். பிறகு, "முதல் குழந்தைக்கும் இதேதானா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் நான்கு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அளவுகோலில் தெரிகிற கோடு மாதிரித் தெரியும். அன்றைக்கு அரிசி களைந்தது யார் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இல்லைம்மா. அது நெஞ்சுல சளி. டாக்டர்தான் சொன்னாரே" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் நான் அடுப்படிக்குப் போனபோது அரிசிப் பானை அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு தண்ணீர் விட்டு, கை படாமல் அலசி, உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். "குடும்மா, நான் செய்யறேன்" என்று கையை நீட்டினேன். பானையைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். கோபமாக இல்லை. "நீ போய்ப் படிக்கறதைப் பாரு" என்றாள். படிப்பு முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே பால்காரர், தொட்டி காலியா கீதே என்று குரல் கொடுத்தார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், குரலும் நன்றாகவே இருக்கிறது. அக்கா முதல் குழந்தையைப் பற்றி என்னிடம் கடைசி வரை கேட்டதில்லை. அம்மா அதன் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தாள். உடம்பு முடியாமல் படுத்த நாட்களிலும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அரிசி களையச் சொல்வாளே தவிர, ஒரு நாளும் என்னைச் சொன்னதில்லை.